டுரியான் தோட்டத்து 400 மீட்டர் செம்மண் ரோடு: பழைய மெஸ்ஸி 135 டிராக்டர், பின்னால் மாட்டும் பிளேட் வைத்து எப்படிச் சீர் செய்வது?

செரோக்தோக்குன்_தோட்டம்:

வணக்கம். புக்கிட் மெர்த்தாஜாம், செரோக் தோக் குன் பக்கம் உள்ள டுரியான் தோட்டத்துக்கு மெயின் ரோட்டிலிருந்து 400 மீட்டர் தனிப் பாதை. அகலம் 3 மீட்டர். அடியில் செம்மண், எப்போதோ கொட்டிய குவாரிக் கல் அங்கங்கே மட்டும் மிச்சம். முதல் 320 மீட்டர் லேசான ஏற்றம். கடைசி 80 மீட்டர் நல்ல ஏற்றம், அளந்து பார்த்தால் 100 மீட்டருக்கு 12 மீட்டர் உயர்கிறது.

டிராக்டர் மெஸ்ஸி ஃபெர்குசன் 135, 1972 மாடல், பெர்கின்ஸ் 3 சிலிண்டர் டீசல், மல்டி பவர் கியர் (ஓடும்போதே ஹை, லோ மாற்றும் வகை). பின் டயர் 12.4-28. ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் சட்டம்) கிடையாது. பிளேட் 6 அடி, தகடு மெல்லிசு, இரண்டு ஓரத்திலும் சறுக்குக் கால் இருக்கிறது. குளிர்நாட்டில் பனி தள்ளிய பிளேட் என்று சொல்லி விற்றார்கள்.

ஒவ்வொரு மழைக்கும் பிறகு வேலையாள் சேற்றையும் கல்லையும் ஓரத்துக்குத் தள்ளி வருகிறார். இப்போது இரண்டு பக்கமும் ஒரு சாண் உயரத்துக்கு வரப்பு மாதிரி நிற்கிறது. நடுவில் இரண்டு டயர் தடத்திலும் தண்ணீர் ஓடுகிறது. கேள்விகள்:

யூடியூபில் கனடாக்காரர்கள் நீளப் பாதையில் பனி தள்ளுவதைப் போல இங்கும் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போகலாமா? பிளேட் ஓடிய இடமெல்லாம் அலை அலையாக வருவது ஏன்? பிளேட்டைச் சாய்த்தால் டிராக்டரின் மூக்கு ஒரு பக்கம் இழுக்கிறது. தூக்கி வைத்த பிளேட் மெல்ல இறங்குகிறது, பிறகு துள்ளி ஏறுகிறது. கல் கொட்டுவதானால் எவ்வளவு வேண்டும்?

செப்டம்பர் மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

---

ரோட்டுக் கங்காணி:

தம்பி, முதல் கேள்விக்கு முதலில் பதில். தள்ளக் கூடாது. பனி என்றால் ஓரத்தில் கிடந்து கரைந்து போகும். அதற்குப் பின் அங்கே ஒன்றும் மிஞ்சாது. நீங்கள் ஓரத்துக்குத் தள்ளுவது உங்கள் ரோட்டையே. வருடக்கணக்கில் தள்ளினால் ரோடு பள்ளமாகும், ஓரம் அணையாகும், மழைத் தண்ணீர் வெளியே போக வழி இல்லாமல் டயர் தடத்தையே கால்வாயாக்கிக் கொள்ளும். நீங்கள் எழுதியிருப்பது அதேதான். கல் காணாமல் போகவில்லை, அந்த வரப்புக்குள்தான் இருக்கிறது. லோரிக்கு ஆர்டர் கொடுக்கும் முன்னால் அதை மீட்டு எடுங்கள்.

வேலையின் திசை எப்போதும் ஓரத்திலிருந்து நடுவுக்கு. நடு உயர்ந்து, இரு பக்கமும் சரிய வேண்டும். மண் ரோட்டுக்குச் சரிவு 4 சதவீதம், நம் மழைக்கு 5 வைத்தாலும் தப்பில்லை. உங்கள் ரோட்டில் பாதி அகலம் 1.5 மீட்டர், ஆக நடுப்பகுதி ஓரத்தைவிட 6 முதல் 7.5 சென்டிமீட்டர் உயரம். கண்ணால் பார்த்தால் போதாது. ஒன்றரை மீட்டர் நேர்க் கட்டை, அதன் மேல் ஒரு ஸ்பிரிட் லெவல், நடுவில் ஒரு முனையை வைத்து மறு முனையின் கீழ் இடைவெளியை அளந்து பாருங்கள். 20 மீட்டருக்கு ஓர் இடம் பார்த்தால் போதும்.

135-இல் பிளேட்டைத் தூக்கும் வலது கம்பியில் (லிஃப்ட் ராட்) கைப்பிடி வைத்த லெவலிங் பாக்ஸ் இருக்கும். இடது பக்கம் நிலையானது. அதனால் எப்போதும் வலது சக்கரம் ரோட்டின் ஓரத்தில் இருக்கும்படி ஓட்டுங்கள். கைப்பிடியைச் சுற்றி பிளேட்டின் வலது முனையை 5 சென்டிமீட்டர் அளவு தாழ்த்துங்கள். பிளேட்டைத் திருப்பும்போது வலது முனை முன்னால், இடது முனை பின்னால். இப்படி வைத்தால் ஓரத்தில் வெட்டிய மண் பிளேட்டின் மேல் உருண்டு இடது முனை வழியாக ரோட்டின் நடுவில் விழும். கடைசி வரை போய்த் திரும்பி வரும்போது மறு ஓரமும் உங்களுக்கு வலது பக்கம்தான். எதையும் மாற்றாமல் இரண்டு பக்கத்தையும் முடிக்கலாம்.

அதற்கு முன் புல். வரப்பில் முளைத்த லாலாங்கை மேலாக வெட்டிவிட்டு, வேர்க் கட்டிகளை மண்வெட்டியால் ஒதுக்கி எறியுங்கள். அதை நடுவுக்கு இழுத்துவிட்டால் இரண்டு மாதத்தில் மக்கி, அந்த இடம் மட்டும் மெத்தென்று அமுங்கும். பள்ளம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

முதல் சுற்றிலேயே ஆழமாக வெட்ட நினைக்காதீர்கள். 3 சென்டிமீட்டர் போதும். இரண்டு ஓரத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்து நீள வரிசையாகக் கிடக்கும் மண்ணை, பிளேட்டை நேராக்கி, தரையிலிருந்து 2 அல்லது 3 சென்டிமீட்டர் தூக்கிப் பரப்புங்கள். பிளேட்டை 180 டிகிரி திருப்பி முதுகுப் பக்கத்தால் இழுத்தால் இன்னும் சீராகப் பரவும், தோண்டாது.

பள்ளங்களை மண் போட்டு மூடுவது வேலையைக் கெடுக்கும். கிண்ணம் மாதிரி இருக்கும் பழைய பள்ளத்தில் கொட்டிய மண் அடியோடு ஒட்டாது. முதல் பெரிய மழையில் அதே இடம் அப்படியே வாய் திறக்கும். பள்ளத்தின் அடி எவ்வளவு ஆழமோ அதுவரை சுற்றி வெட்டிப் பிரித்துவிட்டு, பிறகு பரப்பி இறுக்க வேண்டும். வரிவரியாக வரும் அதிர்வு மேடுகளுக்கும் இதே விதி. மேல் முனையை மட்டும் சீவினால் அதே வரி திரும்பி வரும்.

மண்ணின் ஈரம் முக்கியம். ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வரக் கூடாது, இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடைய வேண்டும். ஜனவரி பிப்ரவரியில் பினாங்குப் பக்கம் காய்ந்துவிடும், அப்போது பிளேட் போட்டால் புழுதிதான், ஒன்றும் இறுகாது. மழை பெய்து ஒரு நாள் வடிந்த பிறகு சரியான நேரம். உங்கள் கணக்குப்படி டுரியான் சீசன் ஓய்ந்து லோரிப் போக்குவரத்து குறையும் ஆகஸ்ட்டில் செய்தால், செப்டம்பர் முதல் நவம்பர் வரை வரும் பெரிய மழைக்கு முன் ரோடு இறுகிவிடும்.

---

வெல்டிங்_நிபோங்திபால்:

கங்காணி அண்ணன் சொன்னதோடு பிளேட் சங்கதி.

சறுக்குக் காலைக் கழற்றுங்கள். பனிக்கு அது எதற்கென்றால், அடியில் இருக்கும் கல்லை வாரிக்கொண்டு போகாமல் பிளேட்டின் வாயைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கிப் பிடிக்க. மண் வெட்ட வேண்டிய இடத்தில் அது தடை. பரப்பும் வேலைக்கு மறுபடியும் மாட்டலாம், அதனால் எறிந்துவிடாதீர்கள்.

பனி பிளேட் தகடு மெல்லிசாகத்தான் இருக்கும், எடையும் குறைவு. பிளேட்டைப் பிடித்திருக்கும் மெஸ்ஸியின் மூன்று முனை லிங்க் மேலே தூக்க மட்டுமே செய்யும், கீழே அழுத்தாது. பிளேட் தன் எடையால்தான் வெட்ட வேண்டும். இறுகிய செம்மண்ணில் லேசான பிளேட் வழுக்கிக்கொண்டு போகும், வேர் அல்லது கல் தட்டினால் துள்ளும். பின் சட்டத்தின் மேல் பழைய தண்டவாளத் துண்டையோ இரும்புப் பாளத்தையோ 60 முதல் 80 கிலோ வரை போல்ட் போட்டு இறுக்குங்கள். சங்கிலியால் கட்டாதீர்கள், நகரும். எடை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு முன் பக்கம் லேசாகும், அதை மறக்காமல் முன்னாலும் எடை மாட்ட வேண்டும்.

டாப் லிங்க், அதாவது அந்த மூன்றில் மேல் கம்பி, அதன் நீளம்தான் வெட்டும் கோணம். நீட்டினால் பிளேட்டின் தலை பின்னால் சாயும், வாய் முன்னால் நீளும், உளி மாதிரி இறங்கி வெட்டும். குறுக்கினால் தலை முன்னால் கவிழும், வெட்டாமல் இழுத்துப் பரப்பும். வரப்பை உடைக்கும்போது நீட்டுங்கள், கடைசி இரண்டு சுற்றில் குறுக்குங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம், ஓட்டிப் பார்த்து மாற்றுங்கள்.

மூக்கு இழுப்பது கோணத்தால். 6 அடி பிளேட்டை 30 டிகிரி திருப்பினால் உண்மையில் கிடைக்கும் அகலம் 5 அடி 2 அங்குலம். உங்கள் பின் சக்கரத்தின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து பாருங்கள். இதைவிட அதிகம் என்றால் டயர் பதிந்த தடம் வெட்டுப்படாமல் மிஞ்சும். அதற்காகக் கோணத்தைக் கூட்டிக் கூட்டி வெட்டாதீர்கள். 20, 25 டிகிரியில் வைத்து ஆழத்தைக் குறைத்தால் இழுப்பும் குறையும். கீழ் லிங்க் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயின் இரண்டும் தொங்காமல் இருக்க வேண்டும். பக்கவாட்டில் பிளேட் ஆடினால் டயரின் பக்கச் சுவரில் உரசும்.

லிங்க்கில் பிளேட்டை மாட்டும் பின்னையும் (pin) பாருங்கள். 135 கேட்டகரி 1 என்ற அளவு வகை, கீழ் லிங்க் பின் 22 மில்லிமீட்டர், டாப் லிங்க் பின் 19. கைமாறி வந்த பிளேட்டில் 22 ஓட்டை தேய்ந்து 25 ஆகியிருக்கும். அந்த ஆட்டமே அலை வர ஒரு காரணம்.

---

செரோக்தோக்குன்_தோட்டம்:

நன்றி அண்ணா. அளந்தேன். சக்கரம் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு 5 அடி 4 அங்குலம். ஆக 30 டிகிரியில் தடம் மிஞ்சத்தான் செய்யும். கீழ் லிங்க் ஓட்டை ஒன்றில் பின் நன்றாக ஆடுகிறது. அலை வருவதற்கு இது மட்டும்தானா? ஹைட்ராலிக் பிரச்சினையும் அதோடு சேருமா?

---

பழைய_பெர்கின்ஸ்:

அலைக்கு முதல் காரணம் அமைப்பு. பிளேட் பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிறது. முன் சக்கரம் மேட்டில் ஏறினால் பிளேட் தோண்டும், பள்ளத்தில் இறங்கினால் பிளேட் தூக்கும். ஏற்கெனவே உள்ள மேடு பள்ளத்தை அது தலைகீழாகப் படியெடுத்துப் பெரிதாக்கும். வேகம் கூடினால் இன்னும் மோசம். லோ ரேஞ்சில் முதல் கியர் அல்லது இரண்டாவது, நடை வேகம், மணிக்கு 4 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். ஓட்டும்போது லீவரை நொடிக்கு நொடி ஆட்டினால் அலையை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

இரண்டாவது காரணம் லீவர் தப்பு. 135-இல் இரண்டு லீவர், ஒன்று டிராஃப்ட், இன்னொன்று பொசிஷன். டிராஃப்ட் கலப்பைக்கு: இழுவை கூடினால் அதுவே தூக்கும், குறைந்தால் இறக்கும். பிளேட் வேலையில் அப்படி நடந்தால் ரோடு அலையாகத்தான் வரும். டிராஃப்ட் லீவரை முழுக்க மேலே வைத்துவிட்டு, பொசிஷன் லீவரால் மட்டும் உயரத்தை வையுங்கள்.

இறங்கித் துள்ளும் கதை. பிளேட்டைத் தூக்கி வைத்து இன்ஜினை அணையுங்கள். சில நிமிடத்திலேயே தரைக்கு வந்துவிட்டால் கசிவு பெரும்பாலும் சிலிண்டர் பக்கம்: பிஸ்டன் சீல் அல்லது ரிங், இல்லையென்றால் பம்பிலிருந்து மேலே போகும் குழாயின் ஓ-ரிங். இன்ஜின் ஓடும்போது இறங்கி மறுபடி துள்ளி ஏறுவதும் அதே கசிவுதான். இறங்கிய அளவை வால்வு உணர்ந்து மறுபடி தூக்குகிறது, ஒவ்வொரு தூக்கலும் ஒரு துள்ளல். லிஃப்ட் மூடியைக் கழற்றினால் சிலிண்டர் கையில் வரும். மூடி கனம், ஒரு ஆள் தூக்கக் கூடாது, செயின் பிளாக் வேண்டும். சீல், ஓ-ரிங், மூடியின் கேஸ்கெட் மூன்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள்.

அதற்கும் முன்னால் எண்ணெயைப் பாருங்கள். டிப்ஸ்டிக்கில் பால் கலந்த தேத்தண்ணி நிறம் தெரிந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 135-க்கு அது கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்து, மழையில் நின்று, மேலிருந்து இறங்கும். உறையை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றுவது வீண். கியர், பின் அச்சு, ஹைட்ராலிக், மல்டி பவர் எல்லாம் ஒரே எண்ணெய். அதனால் பட்டறையில் யாராவது கெட்டியான இபி 90 கியர் எண்ணெய் ஊற்றச் சொன்னால் கேட்க வேண்டாம். பம்பும் மல்டி பவர் கிளட்ச்சும் அதில் ஒழுங்காக வேலை செய்யாது. யுடிடிஓ (UTTO) என்று டப்பாவில் போட்ட, கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் சேர்த்த டிராக்டர் எண்ணெய் வாங்குங்கள்.

கிளட்ச் இரண்டு நிலை உள்ளது என்றால் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், பம்ப் ஓடும். முழுக்க மிதித்தால் பம்பும் நின்றுவிடும், பிளேட் தூக்காது. ரோட்டின் முடிவில் திரும்பும்போது "தூக்கவில்லையே" என்று பலர் தடுமாறுவது இதனால்தான்.

இன்னொன்று, புழுதி. உங்கள் வண்டியில் ஏர் கிளீனர் எண்ணெய்க் கிண்ண வகை என்றால், செம்மண் வேலை செய்த ஒவ்வொரு நாளும் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் சேறு அரை அங்குலம் சேர்ந்தால் எண்ணெயைக் கொட்டிக் கழுவிப் புதிதாகக் குறி வரை ஊற்றுங்கள். குறிக்கு மேல் ஊற்றினால் இன்ஜின் அதையும் உறிஞ்சும்.

---

மலைச்சரிவு:

எல்லாரும் சமதளத்தைப் பற்றியே பேசுகிறார்கள். கடைசி 80 மீட்டரைப் பற்றி நான் சொல்கிறேன், ஆளைக் கொல்வது அதுதான்.

மல்டி பவரை லோவில் வைத்து இறக்கத்தில் இறங்காதீர்கள். லோவில் உள்ளே ஒருவழி கிளட்ச்தான் பிடிக்கிறது. இறக்கத்தில் சக்கரம் இன்ஜினை முந்த ஆரம்பித்ததும் அது விட்டுவிடும், இன்ஜின் பிரேக் துளியும் இருக்காது, வண்டி சைக்கிள் மாதிரி உருளும். இறங்கும் முன் ஹையில் போட்டு, மெயின் கியரை ஒன்றில் வையுங்கள். பாதி இறக்கத்தில் மாற்ற நினைக்காதீர்கள்.

பிரேக் பெடல் இரண்டையும் கொக்கியால் சேர்த்துப் பூட்டுங்கள். ஒற்றைப் பெடல் மிதித்தால் சரிவில் வண்டி சுழலும். 135 பிரேக் காய்ந்த டிரம் வகை. அச்சு சீல் கசிந்தால் எண்ணெய் நேரே ஷூவில் இறங்கும், அந்தப் பக்கம் பிடிக்காது. டிரம் பின்னால் எண்ணெய் ஈரம் தெரிந்தால் சரிவு வேலையை நிறுத்திவிட்டு முதலில் சீல்.

ரோல் பார் இல்லாத வண்டி, ஓரத்தில் வரப்பு வெட்டும் வேலை, மழை ஊறிய விளிம்பு. மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சரிவான பகுதியில் பள்ளத்தாக்கு பக்கம் உள்ள வரப்பை டிராக்டரால் தொடாதீர்கள், மண்வெட்டிதான். மாட்டக் கூடிய ரோல் பாரும் சீட் பெல்ட்டும் செய்து வாங்குவதானால், அச்சுக் கூட்டில் போல்ட் போடும், சோதித்த வடிவமாகப் பார்த்து வாங்குங்கள். சும்மா குழாயை வளைத்து வெல்டிங் அடித்தது நிழல் பந்தலுக்குத்தான் ஆகும்.

12 சதவீத ஏற்றத்தில் நடு உயர்த்துவது மட்டும் உதவாது. தண்ணீர் ஓரத்துக்குப் போகும் முன்பே கீழ்நோக்கி ஓடும். குறுக்கே தண்ணீர் திருப்பும் மேடு வேண்டும்: ரோட்டுக்குக் குறுக்காக, நேர் குறுக்கிலிருந்து 30 டிகிரி சாய்த்து, கீழ் முனை தண்ணீர் வெளியேறும் பக்கம். 10 சதவீத ஏற்றத்துக்கு ஏறக்குறைய 25 மீட்டருக்கு ஒன்று, 15 சதவீதத்துக்கு 18 மீட்டருக்கு ஒன்று என்பது கணக்கு. உங்களுக்கு 80 மீட்டரில் நான்கு வரும். முதலாவதை ஏற்றத்தின் உச்சியிலேயே போடுங்கள், மேலிருந்து வரும் தண்ணீர் ரோட்டில் இறங்காமலேயே போய்விடும். ஒவ்வொன்றின் வெளி முனையிலும் முஷ்டி அளவு கல் ஒரு குவியல், இல்லையென்றால் விழும் இடத்தில் மண் அரித்து ரோட்டையே பின்னோக்கித் தின்னும்.

ஏற்றத்தில் கல் எப்போதும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் கடைசிச் சுற்றை எப்போதும் ஏறும்போது ஓட்டுங்கள், இறங்கிய கல்லை மேலே இழுத்துவர. சக்கரம் சுழன்றால், இரண்டு பின் சக்கரத்தையும் ஒன்றாகச் சுழல வைக்கும் டிஃப் லாக் பெடலை மிதிக்கலாம், நேராகப் போகும்போது மட்டும். திருப்பும் முன் விட்டுவிட வேண்டும்.

---

வெல்டிங்_நிபோங்திபால்:

பிடிப்புக்குப் பின் டயரில் தண்ணீர் ஊற்றினால் என்ன? வால்வை உச்சியில் வைத்து வால்வு மட்டம் வரை ஊற்றினால் முக்கால் பங்கு, 12.4-28-க்கு ஒரு டயருக்கு ஏறக்குறைய 150 லிட்டர். குளிர்நாட்டில் உறையாமல் இருக்க கால்சியம் குளோரைடு கலப்பார்கள், அது ரிம்மைத் தின்னும். இங்கே வெறும் தண்ணீரே போதும், டியூப் உள்ள டயர் என்றால் ரிம்முக்கும் கவலை இல்லை.

---

மலைச்சரிவு:

சமதளத்துக்குச் சரி. ஆனால் 300 கிலோவை அந்தப் பழைய டிரம் பிரேக்கால் 12 சதவீத இறக்கத்தில் நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பிரேக் புதிதாக்கிய பிறகு ஊற்றட்டும். முன் எடை வேறு விஷயம், அது ஏறும்போது மூக்கு தூக்காமல் பார்த்துக்கொள்ளும், அதை இப்போதே மாட்டலாம். டயர் சங்கிலி யாராவது சொன்னால் வேண்டாம், பனிக்கட்டிக்கு அது சரி, நம் ரோட்டை அது உழுதுவிடும்.

---

ரோட்டுக் கங்காணி:

கல் கணக்கு யாரும் சொல்லவில்லை.

ஏற்றத்தை விட்டுவிட்டு 320 மீட்டருக்கு மட்டும். அகலம் 3 மீட்டர், இறுகிய பின் கனம் 7.5 சென்டிமீட்டர் என்றால் 72 கன மீட்டர். கிரஷர் ரன் (பொடி கலந்த உடைகல்) இறுகும்போது சுருங்கும், லோரியில் வரும் தளர்ந்த அளவு அதைப் போல் 1.3 மடங்கு, அதாவது 94 கன மீட்டர். டன்னில் கேட்டால் ஏறக்குறைய 158 டன். 10 கன மீட்டர் ஏற்றி வரும் லோரி ஒரு நடைக்கு 34 மீட்டர் மூடும். ஓரத்தில் கம்பு நட்டு 34 மீட்டருக்கு ஒரு குறி வைத்துவிட்டு, பின் கதவைக் கொஞ்சமாகத் திறந்தபடி மெல்ல ஓடச் சொல்லுங்கள். ஒரே குவியலாகக் கொட்டிவிட்டுப் போனால் 45 குதிரைச் சக்தி டிராக்டரால் அதைப் பரப்புவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும், பொடியும் கல்லும் வேறு தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

வாங்குவது பொடி கலந்த கிரஷர் ரன். வெறும் ஜல்லி வேண்டாம், டயருக்கு அடியில் உருண்டு ஓரத்துக்கு ஓடும். புக்கிட் மெர்த்தாஜாம் மலை கிரானைட் மலை, அதன் மண் மணல் அதிகம், தானாகப் பிணையாது. அங்கே பொடிதான் பசை.

ஆனால் வரிசை இதுதான்: வரப்பை மீட்டு, நடுவை உயர்த்தி, தண்ணீர் வெளியேற வழி வெட்டி, ஒரு பெரிய மழை பார்த்து, அதற்குப் பிறகுதான் கல். சரிவு இல்லாத ரோட்டில் கொட்டிய கல் நேரே சேற்றில் புதையும். ஓரக் கால்வாய் ரோட்டின் விளிம்பைவிட ஓர் அடியாவது தாழ இருக்க வேண்டும். ரோட்டுக்கு அடியில் குழாய் போடுவதானால் 450 மில்லிமீட்டர் போடுங்கள். 300 போட்டால் டுரியான் இலையும் மட்டையும் ஒரே மழையில் அடைத்துவிடும்.

ஏற்றத்துக்குக் கல்லே வேண்டாம் என்பது என் கருத்து. டயர் ஓடும் இரண்டு தடத்தில் மட்டும் கான்கிரீட் பட்டை. 60 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம், பிஆர்சி இரும்புக் கம்பி வலை போட்டு. 80 மீட்டருக்கு 14.4 கன மீட்டர் கான்கிரீட் வரும். மேல் பரப்பைத் துடைப்பத்தால் குறுக்காகக் கோடு போட்டு விடுங்கள், வழவழப்பாகத் தேய்த்தால் மழையில் லோரி ஏறாது. முழு அகலத்துக்கும் போட்டால் செலவு இரண்டரை மடங்கு, தண்ணீரும் வேகம் பிடிக்கும்.

---

சுங்கைபாக்காப்_அக்கா:

ஒரு விஷயம் விட்டுப் போய்விட்டது தம்பி. இருக்கும் ரோட்டைச் சீவிச் சரி செய்வது வேறு, மலைச் சரிவை வெட்டி அகலப்படுத்துவது வேறு. 1960 நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மலை நிலமாக அறிவித்த இடத்தில் செடி கொடி அழிக்கவும் மண் வெட்டவும் நில அலுவலக அனுமதி வேண்டும். மண் வேலைக்கு 1974 சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஏ பிரிவும் இருக்கிறது, அதற்குச் செபராங் பிறை மாநகர் மன்றத்தைக் கேட்க வேண்டும். எஸ்கவேட்டர் கூப்பிடும் முன்னால் உங்கள் நிலப் பட்டாவை எடுத்துக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போய், அந்த லாட் அறிவிக்கப்பட்ட மலை நிலத்துக்குள் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

தண்ணீரைத் திருப்பிவிடும் இடம் யார் நிலம் என்பதையும் பார்க்கவும். பக்கத்துத் தோட்டக்காரரின் மரத்தடியில் கொண்டுபோய் விட்டால் ரோடு நன்றாக இருக்கும், உறவு இருக்காது.

---

செரோக்தோக்குன்_தோட்டம்:

அக்கா, அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. டிப்ஸ்டிக் பார்த்தேன், தேத்தண்ணி நிறமேதான். லீவர் உறை கிழிந்து கிடக்கிறது. டிரம் பின்னால் காய்ந்திருக்கிறது, எண்ணெய்க் கசிவு இல்லை. முதலில் ஹைட்ராலிக், பிறகு ரோடு என்று வைத்துக்கொள்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம்: எண்ணெய் ஒரு தடவை மாற்றினால் தண்ணீர் முழுக்கப் போய்விடுமா? பிளேட்டின் வெட்டும் விளிம்பு ஒரு முனையில் நிறையத் தேய்ந்திருக்கிறது, அப்படியே ஓட்டலாமா?

---

பழைய_பெர்கின்ஸ்:

ஒரு தடவையில் போகாது. வண்டியை அரை மணி நேரம் ஓட்டி எண்ணெய் சூடானதும் எல்லா வடிகால் போல்ட்டையும் திறந்து, இரவு முழுக்க வடிய விடுங்கள். அச்சின் இரு பக்கமும் தேங்கி நிற்கும், வண்டியை ஜாக்கியில் ஒரு பக்கமாகச் சாய்த்தால் இன்னும் கொஞ்சம் வரும். ஜாக்கியோடு விடாமல் அச்சுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். மலிவான எண்ணெய் ஊற்றி ஒரு நாள் வேலை செய்து அதையும் வடித்த பிறகு நல்ல எண்ணெய். எண்ணெய் இல்லாத நேரத்தில்தான் லிஃப்ட் மூடியையும் திறக்க வேண்டும், இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் ஒரு வடிகால் மிச்சம். பம்பின் வலை ஃபில்டரையும் அப்போதே கழுவுங்கள்.

---

வெல்டிங்_நிபோங்திபால்:

விளிம்பு: தேய்ந்தபடி ஓட்டினால் ஒரு முனை எப்போதும் கம்மியாக வெட்டும், லெவலிங் பாக்ஸில் எவ்வளவு சுற்றினாலும் கணக்கு சரியாக வராது. போல்ட் போட்ட விளிம்பு பெரும்பாலும் மேல் கீழாகத் திருப்பி மாட்டும் வகை, தேயாத பக்கம் உள்ளே இருக்கும். கழற்றித் திருப்புங்கள். இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தால் புதிது. தேய்மானம் தகட்டைத் தொடும் வரை விட்டால் பிறகு பிளேட்டையே ஒட்ட வேண்டி வரும்.

போல்ட் சதுரக் கழுத்து வகை, தலை விளிம்போடு சமமாக உட்காரும். துரு பிடித்து நட் சுழலாது. சூடு காட்டிக் கழற்றப் பார்ப்பதைவிட நட்டை கிரைண்டரால் வெட்டி எறிந்து புதுப் போல்ட் போடுவது வேகம். சாதாரண அறுகோணத் தலை போல்ட் போடாதீர்கள், தலை வெளியே நீட்டிக்கொண்டு முதல் நாளே தேயும், மண்ணும் அதில் தேங்கும். புது போல்ட்டை இறுக்கி, ஒரு மணி நேரம் மண் வெட்டிவிட்டு மறுபடியும் இறுக்குங்கள். முதல் தடவை எப்படியும் கொஞ்சம் தளரும்.